பின்வரிசையில் 4 இடம்

ஹாக்கி டிரையல்ஸில் முன்கள வீரன் செய்தது எல்லோர் கண்ணிலும் படும். இரண்டு பேரைத் தாண்டினான், அடித்தான், பலகையில் பந்து மோதும் சத்தம் கேட்டது, தேர்வாளர் குனிந்து தாளில் எழுதிக்கொண்டார். பின்னால் நின்று தடுக்கும் டிஃபெண்டர் செய்ததை எழுதுவதுதான் கஷ்டம். அவன் இரண்டடி உள்ளே தள்ளி நின்றதால் எதிராளி கொடுக்காமலே விட்ட பாஸை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவன் கோட்டை விட்டால் மட்டும் கேலரியின் கடைசிப் படியில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

சாந்திநகர் பக்கம் அக்கித்திம்மனஹள்ளியில் இருக்கும் கரியப்பா ஹாக்கி மைதானத்துக்கு இந்தத் தடவை காலை நேரங்களில் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். அல்சூரிலிருந்து வண்டியில் பக்கம்தான். என் அக்கா மகன் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தான். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஜூனியர் அணிக்கான முகாம். தேர்வானால் மாதா மாதம் ஸ்டைபெண்ட், தங்க இடம், ஆட நல்ல செயற்கைப் புல் டர்ஃப், நன்றாக ஆடினால் பின்னால் ஒரு வேலையும் கிடைக்கலாம். அக்கா வீட்டுக்கு அந்த ஸ்டைபெண்டே பெரிய தொகை. டிஃபெண்டர்கள் மட்டும் 11 பேர். எடுக்கப்போவது 4 பேரை.

நானும் பின்வரிசைக்காரன்தான். கல்லூரியில் தொடங்கி, இங்கே வங்கி அணிக்காக லீக் ஆடியது வரை என் இடம் எப்போதும் வலது ஃபுல் பேக். அதனால் இந்த 11 பையன்களைத் தவிர அந்த மைதானத்தில் வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, விளையாட்டு விடுதி இருக்கிறது, லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளி மாநில அணிகள் வந்து இறங்கும்போது ஊரே மைதானத்தில்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு சின்னப் பையனிடம் ஸ்டிக்கைக் கொடுத்தால் அவன் ஆட நினைப்பது முன்களத்தில். அவன் பார்த்து வளரும் ஆட்கள் அப்படி. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் முன்கள வீரர்கள். என் மருமகனும் பத்து வயதில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆரம்பித்தான். உயரமாக வளர்ந்ததும் பயிற்சியாளர் பின்னால் நிறுத்தினார். அன்று அழுதான் என்று அக்கா சொன்னாள். இப்போது முன்னால் போகச் சொன்னாலும் போக மாட்டான்.

இந்த இடத்துக்கு எவ்வளவு நெரிசல் என்பது வெளியில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒலிம்பிக் அணி என்றால் மொத்தமே 16 பேர். 2024 பாரிஸுக்குப் போன அணியில் டிஃபெண்டர் என்று பட்டியலில் இருந்தவர்கள் ஹர்மன்பிரீத் சிங், அமித் ரோஹிதாஸ், ஜர்மன்பிரீத் சிங், சஞ்சய், சுமித் என்று 5 பேர். தடுக்கும் அணி கோலுக்குப் பக்கத்தில் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அதில் பந்தை ஸ்டிக்கோடு இழுத்து கோலை நோக்கி வீசுவது டிராக் ஃபிளிக், சுருக்கமாக ஃபிளிக். அவ்வளவு பலமாக ஃபிளிக் அடிக்கும் ஜுக்ராஜ் சிங்கே மாற்று வீரராகத்தான் போனார். இதில் சுமித்தைக் கவனியுங்கள். டோக்கியோ அணியில் அவர் நடுக்களம். பாரிஸில் பின்வரிசை. அதாவது ஒரு இளம் டிஃபெண்டர் இன்னொரு டிஃபெண்டரோடு மட்டும் போட்டி போடவில்லை, பின்னால் இறங்கி ஆடத் தெரிந்த நடுக்கள ஆளோடும் போட்டி போடுகிறான். மைசூர் சாலைப் பக்கம் ஞானபாரதியில் இருக்கும் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) வளாகத்தில்தான் தேசிய முகாம் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அங்கே 54 பேரைக் கூப்பிட்டு, டிரையல்ஸ் வைத்து, 40 ஆகக் குறைத்தார்கள். அந்த வாசலுக்குப் போவதற்கே இந்த மாதிரி நிறுவன முகாம்கள்தான் படிக்கட்டு.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

முதல் சில நாட்கள் ஓட்டம், யோ-யோ என்ற ஓட்டச் சோதனை, உடல் சோதனை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் ஓடுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து இரண்டுக்கு ஒன்று ஆரம்பித்தது. இரண்டு முன்கள வீரர்கள் பந்தோடு வருவார்கள், எதிரே ஒரே ஒரு டிஃபெண்டர், பின்னால் கோல்கீப்பர். கணக்குப்படி டிஃபெண்டர் தோற்கத்தான் வேண்டும். அவன் செய்யக்கூடியது நேரத்தைக் கடத்துவது. பந்து வைத்திருப்பவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் நடுவில் பாஸ் போகும் வழியில் நின்று, ஸ்டிக்கைத் தரையோடு வைத்து, பந்தை நோக்கிச் சட்டென்று நீட்டி ஒரு ஜாப் போட்டு உடனே இழுத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து நகர்ந்து அவனைப் பக்கக்கோட்டின் பக்கம் தள்ள வேண்டும். ஆட்டத்தில் அந்த மூன்று நான்கு விநாடி கிடைத்தால் நடுக்கள ஆள் திரும்பி ஓடி வந்துவிடுவான். அவ்வளவுதான் வேலை. பந்தைப் பிடுங்குவது அதற்கு அப்புறம்.

ஒரு பையன் இருந்தான், பார்க்க அருமையான உடம்பு. ஒவ்வொரு தடவையும் முழு நீளத்துக்குக் கீழே விழுந்து ஸ்டிக்கைப் போட்டுப் பந்தை எடுத்தான். கேலரியில் கைதட்டல். நானும் தட்டினேன், அந்த வேகம் அப்படிப்பட்டது. ஆனால் விழுந்தவன் எழுந்திருக்கும் வரை அந்தப் பக்கம் காலியாகத்தான் கிடக்கும். மூன்றாம் நாள் மாலை முன்கள வீரர்களுக்கு அவன் பழக்கம் புரிந்துவிட்டது. அவன் விழும்வரை காத்திருந்து பந்தை அவன் ஸ்டிக்குக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவனை யாராவது சின்ன வயதிலேயே நிற்கப் பழக்கியிருக்கக்கூடாதா என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் மீது தவறில்லை. கைதட்டு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தானே பிள்ளைகள் திரும்பச் செய்வார்கள்.

என் மருமகன் நிற்பதில் குறை இல்லை. அவனுக்கு இடித்தது குரல்.

பின்வரிசையில் ஆடுபவனுக்கு முன்னால் மொத்த மைதானமும் விரிந்து கிடக்கிறது. 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், அத்தனையும் அவன் பார்வையில். நடுக்கள ஆளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று தெரியாது. அதைச் சொல்வது ஃபுல் பேக்கின் பொறுப்பு. யாரைப் பிடி, யாரை விடு, இடது பக்கம் இறங்கு, மேலே ஏறு என்று ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் இவன் தமிழில் கத்துவான், எல்லோருக்கும் புரியும். இங்கே முகாமில் பேச்சு இந்தி. ஒடிசா, ஜார்க்கண்ட், பஞ்சாப், குடகு என்று பல பக்கத்துப் பையன்கள். இவனுக்கு இந்தியில் வரவேற்புக்குச் சொல்லும் இரண்டு வார்த்தைதான் தெரியும். முதல் பயிற்சி ஆட்டத்தில் வாயே திறக்கவில்லை. பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, உனக்குத் தொண்டை இருக்கிறதா என்று கேட்டாராம்.

அன்று ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மாமா, எனக்கு எங்க நிக்கணும்னு தெரியுது. அவனுக்கு எப்படிச் சொல்லன்னுதான் தெரியல."

"எத்தனை வார்த்தை வேணும் மாப்ளே? யோசிச்சுச் சொல்லு."

உட்கார்ந்து எண்ணினோம். பத்துப் பன்னிரண்டு கூட வரவில்லை. விடு, பிடி, இடது, வலது, பின்னால் ஆள், மேலே ஏறு, மெதுவாக, என்னுடையது. அவ்வளவுதான் ஒரு டிஃபெண்டருக்கு வேண்டிய மொழி. முகாமில் அவன் அறையில் தங்கியிருந்த ஜார்க்கண்ட் பையன் அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பையனும் டிஃபெண்டர்தான், அதே 4 இடத்துக்குத்தான் வந்திருக்கிறான். அவன் எதற்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? இவன் வாய் மூடியிருந்தால் அவனுக்கு ஒரு ஆள் குறைவு. இருந்தாலும் ராத்திரி படுக்கையில் படுத்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகக் கத்த வைத்திருக்கிறான். பக்கத்து அறையிலிருந்து வந்து கதவைத் தட்டுமளவு. அந்தப் பையனின் அம்மா அப்பாவை நேரில் பார்த்தால் ஒரு கும்பிடு போடுவேன்.

அதற்கடுத்த பயிற்சி ஆட்டத்தில் மூன்றாம் படியில் உட்கார்ந்திருந்த எனக்கே அவன் குரல் கேட்டது.

அடுத்தது பெனால்டி கார்னர். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பெனால்டி கார்னரில் கோல்கீப்பரையும் சேர்த்து 5 பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்ற எல்லோரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பந்தை உள்ளே தள்ளிய நொடியில் கோட்டிலிருந்து ஒருவன் நேராக ஃபிளிக் அடிப்பவனை நோக்கி ஓடுவான். அவன்தான் ஃபர்ஸ்ட் ரஷ்ஷர். முகத்தில் மாஸ்க், முழங்காலில் காப்பு, கையில் கெட்டியான உறை. எதிரே நிற்பவன் அடிக்கும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வரும். அதை நோக்கி ஓட வேண்டும், விலகி அல்ல. 5 மீட்டருக்குள் வந்துவிட்ட ரஷ்ஷருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் பெனால்டி கார்னர். சரியாக நின்ற நிலையில் முழங்காலிலோ அதற்கு மேலேயோ பட்டால் அது ஆபத்தான ஷாட் என்று தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். விதி இப்படி இருப்பதால் ரஷ்ஷர் எந்தக் கோணத்தில் ஓடுகிறான், ஸ்டிக்கை எந்தப் பக்கம் வைக்கிறான் என்பதெல்லாம் முன்பே பேசி வைத்த விஷயம். இவன் ஒரு பக்கத்தை அடைப்பான், மிச்சமிருக்கும் பக்கத்தைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். இருவருக்கும் நடுவில் அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் 3.66 மீட்டர் அகல கோலைக் காக்க முடியாது.

முகாமில் ஒவ்வொரு நாள் பயிற்சி முடிந்ததும் டிஃபெண்டர்கள் டி-யின், அதாவது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தின், உச்சியில் வரிசை கட்டி நிற்பார்கள். டிராக் ஃபிளிக் அடித்துப் பழக. பந்துக் கூடை காலியாகும், நிரப்புவார்கள், மறுபடி அடிப்பார்கள். ரஷ் பழக ஒருவரும் நிற்பதில்லை, ஒடிசாவின் சுந்தர்கட்டிலிருந்து வந்த பையன் ஒருவனைத் தவிர. அவன் மட்டும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கோட்டிலிருந்து ஓடி வருவான், ஃபிளிக் அடிப்பவர்களே அவனுக்குப் பயிற்சி ஆகிவிட்டார்கள்.

ஏன் எல்லோரும் ஃபிளிக் வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. 16 பேர் அணியில் ஒரே ஆள் இரண்டு வேலை செய்தால் அவனுக்கு இடம் நிச்சயம். பாரிஸில் ஹர்மன்பிரீத் 10 கோல். 2021 ஜூனியர் உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக மூன்று கோல் போட்ட சஞ்சய்தான் அப்புறம் பாரிஸ் வரை போனார். 2025 ஜூனியர் உலகக் கோப்பை நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது இந்திய அணியின் கேப்டன் ரோஹித், அவரும் ஃபிளிக் அடிக்கும் டிஃபெண்டர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து கடைசிக் கால்பகுதியில் 4 கோல் அடித்தோமே, அதில் ஷாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா என்று இரண்டு டிஃபெண்டர்கள் அடித்தது உண்டு. என் மருமகன் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் போய் ஆட்டம் பார்த்தவன். அவனுக்கு ஆசை வராதா?

"மாமா, எல்லாரும் ஃபிளிக் அடிக்காங்க. நானும் நிக்கட்டுமா?"

பழகு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நன்றாக ஃபிளிக் அடிக்க வருடக்கணக்கில் இடுப்பும் தொடையும் பழக வேண்டும். முகாம் நடக்கும் இந்த நாட்களுக்குள் அது வராது, முதுகு பிடித்துக்கொள்ளும். அதைவிட அந்த சுந்தர்கட் பையன் பக்கத்தில் போய் நில், இரண்டாவது ரஷ்ஷராக ஓடு என்றேன். ஜூனியர் நிலையில் ஃபிளிக் அடித்த கோலை வைத்தே டிஃபெண்டரை எடுப்பது பரவலாக நடக்கிறது, அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதே 2025 அணி அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றதையும் நாம்தான் பார்த்தோம். அன்று கேள்வி நாம் எத்தனை அடித்தோம் என்பதல்ல.

2023இல் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்த கிரெய்க் ஃபுல்டன், தடுத்து ஜெயிப்பது என்பதையே அணியின் வழியாக வைத்தார். அதை நான் முழுமனதாக நம்புகிறேன். பாரிஸ் காலிறுதியை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனோடு ஆட்டம். 17ஆம் நிமிடம் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் நாற்பது நிமிடத்துக்கு மேல் 10 பேரோடு ஆடினார்கள். மன்பிரீத் நடுக்களத்திலிருந்து பின்னால் இறங்கினார். 1-1இல் முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். அவருக்கு முன்னால் நின்ற அந்த மூன்று நான்கு பேரைப் பற்றி அதே அளவு பேசியிருக்க வேண்டும். தடை காரணமாக ரோஹிதாஸ் அரையிறுதியில் இல்லை, ஜெர்மனியிடம் 2-3. முதல் ரஷ்ஷரான அவர் இல்லாத அணி பெனால்டி கார்னரில் எப்படி நிற்கும் என்பது அன்று தெரிந்தது.

ரோஹிதாஸ் கதையை மருமகனுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. சுந்தர்கட் மாவட்டம் சவுனமரா கிராமம். இந்திய அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்கியின் ஊரும் அதுதான். 2013 ஆசியக் கோப்பையில் ஆடியவர், அதற்குப் பிறகு 2017 வரை இந்திய அணியில் நிலையான இடம் கிடைக்காமல் வெளியே இருந்தார். அந்த வருடங்களில் அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. திரும்பி வந்து இரண்டு ஒலிம்பிக் பதக்கம். 2021இல் டோக்கியோ பதக்கத்துக்குப் பிறகு ருபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லாக்ராவும் ஒரே நாளில் ஓய்வு அறிவித்தபோது பின்வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு இடம் காலியானது. இந்த வரிசையில் இடம் அப்படித்தான் வரும், நாம் கேட்கும்போது வராது.

முகாமின் கடைசி ஆட்டம் வெள்ளிக்கிழமை. டர்ஃபில் தண்ணீர் அடித்து முடித்த கையோடு தூறலும் சேர்ந்துகொண்டது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. மருமகன் இரண்டு கால்பகுதி ஆடினான். நான் எனக்கென்று ஒரு தாளில் எழுதினேன், தேர்வாளர்கள் எழுதாததை. எத்தனை தடவை ஆளை வெளிப்பக்கம் தள்ளினான். எத்தனை தடவை அவன் குரல் கேட்டு நடுக்கள ஆள் திரும்பினான். பந்தைத் தலைக்கு மேலே ஓவர்ஹெட் தூக்கிப் போட்டது எத்தனை தடவை நம் ஆளிடம் விழுந்தது. மூன்றாம் கால்பகுதியில் ஒரு இடம் வந்தது. வலது பக்கம் ஒருவன் வேகமாக ஏறினான், டி-க்கு வெளியே இன்னொருவன் காலியாக நின்றான். மருமகன் பந்து வைத்திருந்தவனை நோக்கிப் போகவே இல்லை. பாஸ் வழியில் நின்றுகொண்டு, ஜார்க்கண்ட் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிடி என்று இந்தியில் கத்தினான். அவன் வந்து பக்கக்கோட்டில் பந்தை வெளியே தள்ளினான். கேலரியில் அமைதி. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது, கத்தினேன்.

பட்டியல் அன்று மாலையே வந்தது. சுந்தர்கட் பையன் முதல் பெயர். ஜார்க்கண்ட் பையனும் இருந்தான். விழுந்து விழுந்து டேக்கிள் போட்ட பையன் இல்லை. நாலாவது இடம் குடகுப் பக்கத்திலிருந்து வந்த, நன்றாக ஃபிளிக் அடிக்கும் பையனுக்கு. என் மருமகன் ஸ்டாண்ட்பை, அதில் முதல் ஆள்.

நாலாவது இடம் அவனுக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மாமன் சொல்வது என்று நீங்கள் ஒதுக்கலாம், என் தாளில் இருக்கும் கணக்கு அதைத்தான் சொல்கிறது. பயிற்சியாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எனக்கு ஆறுதல். இடது பக்கம் ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் எடுப்பது இன்னும் சரியாக வேண்டும், 15 நிமிடக் கால்பகுதியில் கடைசி 4 நிமிடம் கால் தளர்கிறது, குரல் நன்றாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாக ஒரு டிஃபெண்டரிடம் யாராவது சொன்னால் அதுவே பெரிய உதவி.

அக்காவுக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பிள்ள சாப்பிட்டானா?" அவன் சாப்பிட்டு முடித்து, பால்கனியில் உட்கார்ந்து ஜார்க்கண்ட் பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான், பாதி இந்தி, பாதி கைச்சாடை வீடியோவில். தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவிட்டேன். ஏறுவதற்கு முன் பெனால்டி கார்னர் மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஊர் விடுதியில் இருப்பது பழசாகிவிட்டது, பட்டை நிற்பதில்லை. ஊருக்குப் போனதும் ரிவர்ஸ் பழகும் வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் வீடியோ வந்துவிட்டது. இடது கால் இன்னும் கொஞ்சம் முன்னால் வர வேண்டும்.